கருவியின் வழுவும் மாந்தர்மேல் பழியும்: ஹொரைசன் வழக்கை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கணக்கு எழுதுபவர் பிழை செய்தால் அவரை அழைத்துக் கேட்க இயலும். கணக்கு எழுதும் கருவியே பிழை செய்தால் யாரைக் கேட்பது, அப்பிழையால் விளையும் இழப்பை யார் ஏற்பது என்னும் வினாக்கள் கணினி அன்றாட வாழ்வில் புகுந்த பின்னர் வலுப்பெற்றவை. வங்கி, அஞ்சலகம், நியாயவிலைக் கடை, மருத்துவமனை என மக்கள் நாடிச் செல்லும் இடங்களிலெல்லாம் இன்று மென்பொருளே முதலில் பேசுகின்றது. அது தவறாகப் பேசும்போது எதிரே நிற்பவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு உண்டு என்பது அறவியல் நோக்கில் ஆராயத்தக்க சிக்கலாகும்.

மென்பொருள் தன் பயனரைக் கைவிடும் வகைகள் பல. மெதுவாக இயங்குதல், இடையில் உறைந்து நிற்றல், உள்ளிட்ட செய்தியை இழத்தல் முதலியவை பெரும்பாலும் எரிச்சலோடு முடிந்துவிடுகின்றன. ஆயின் மென்பொருள் செய்த பிழைக்காகப் பயனர் சிறை சென்ற நிகழ்வும் அண்மைக்கால வரலாற்றில் உண்டு. பிரித்தானிய அஞ்சலகங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளால் விளைந்த கேடு அத்தகையது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் அம்மென்பொருள் காட்டிய தொகைகளின் அடிப்படையில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களுள் 700 அளவினர்மீது அஞ்சலக நிறுவனமே நேரடியாக வழக்குத் தொடுத்தது. இவ்வழக்கைச் சிலப்பதிகாரம் காட்டும் நீதி நெறியோடு ஒப்பவைத்து, பிழைபடும் கருவியைப் படைத்தோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையேயான அறக்கடமை யாது என்பதனை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஹொரைசன்: தோற்றமும் பரவலும்

பிரித்தானிய அஞ்சலகக் கிளைகளுள் பெரும்பாலானவை நிறுவனத்தின் ஊழியரால் நடத்தப்படுவன அல்ல. சிற்றூரில் மளிகைக் கடையோ எழுதுபொருள் கடையோ வைத்திருக்கும் ஒருவர், கடையின் ஒரு பகுதியில் ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகக் கிளையை நடத்துவார். சப்போஸ்ட்மாஸ்டர் என அழைக்கப்படும் அவரை இக்கட்டுரை கிளைப் பொறுப்பாளர் எனக் குறிக்கின்றது. முதியோர் தம் ஓய்வூதியத்தைப் பெறுவதும் ஊரார் சேமிப்பைச் செலுத்துவதும் அவரிடமே. ஊராரின் நம்பிக்கையே அவருடைய முதல் எனலாம்.

அரசின் உதவித்தொகையை அட்டை வழியே வழங்குதல், அஞ்சலக முகப்புகளைக் கணினிமயமாக்குதல் என்னும் இரு நோக்கங்களோடு 1996-இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அதனை ஏற்ற ஐ.சி.எல். என்னும் நிறுவனம் ஜப்பானின் ஃபுஜிட்சு குழுமத்துக்கு உரியது. 1999-இல் உதவித்தொகை அட்டைப் பகுதியை அரசு கைவிட்டது. எஞ்சிய பகுதியே ஹொரைசன் என்னும் பெயரில் நாடெங்கும் உள்ள அஞ்சலகக் கிளைகளுக்குச் சென்றது. அதுவரை தாளில் எழுதப்பட்ட கணக்கு திரைக்கு மாறியது. பொறுப்பாளர் தாமே கூட்டிக் கழித்துச் சரிபார்த்த நிலை நீங்கி, கருவி கூட்டிக் காட்டும் தொகையை ஏற்கும் நிலை வந்தது.

விரைவில் பல கிளைகளில் கணக்குக் குறைவு தோன்றியது. இருக்க வேண்டிய பணம் எனத் திரை காட்டிய தொகைக்கும் பெட்டியில் உள்ள பணத்துக்கும் இடையே வேறுபாடு. சில இடங்களில் அது நூறு பவுண்டு; சில இடங்களில் பல்லாயிரம் பவுண்டு. கவனக்குறைவாலும் பிழையாலும் நேரும் இழப்பைப் பொறுப்பாளரே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்த விதி. காரணம் எதுவாயினும் எல்லாக் குறைவையும் அவரே தர வேண்டும் என அவ்விதிக்கு நிறுவனம் பொருள் கொண்டது.

வழு நேர்ந்த முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்னும் ஊரில் 2015-இல், 8,000 பவுண்டு பணம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய முயன்றபோது திரை உறைந்து நின்றது. பயன்படுத்தியவர், எவரும் செய்வது போலவே, விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். திரையில் மாற்றம் எதுவும் தோன்றவில்லை. ஆயின் ஒவ்வோர் அழுத்தத்தையும் தனித்தனி வரவாக மென்பொருள் பதிவு செய்துகொண்டது. விளைவாக 24,000 பவுண்டு வேறுபாடு தோன்றியது. பணம் எங்கும் காணாமற் போகவில்லை. இல்லாத பணம் இருப்பதாக எழுதப்பட்டு, அதுவே குறைவாகக் காட்டப்பட்டது. ஒரே செயலைப் பலமுறை எண்ணுதல் என்னும் எளிய வழுவே ஒருவரைக் கள்வராகக் காட்டப் போதுமானதாயிற்று.

மறுக்க இடமில்லாத திரை

வழு நேர்ந்தது இவ்வழக்கின் தொடக்கமே. அதனைப் பயனர் எடுத்துரைக்க என்ன வழி இருந்தது என்பதே அறவியல் நோக்கில் முதன்மையான வினா.

ஐயத்துக்குரிய தொகையை விசாரணை முடியும்வரை கிளை அளவிலேயே அனாமத்துக் கணக்கில் நிறுத்தி வைக்கும் வசதி முதலில் இருந்தது. அது 2005-இல் நீக்கப்பட்டது. அதன்பின் கணக்குக் காலம் முடியும் நாளில் பொறுப்பாளர்முன் எஞ்சிய வழிகள் மூன்று: குறையும் பணத்தைத் தம் கையிலிருந்து செலுத்துதல், அத்தொகையைத் தாம் நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடனாக ஏற்று மையக் கணக்குக்கு மாற்றுதல், பணம் சரியாக உள்ளதெனப் பொய்யாக உறுதியளித்தல். கணக்கை முடிக்காமல் அடுத்த காலத்தின் வணிகத்தைத் தொடங்க இயலாது. இத்தொகையைத் தாம் ஏற்கவில்லை என்று பதிவு செய்யத் திரையில் இடம் ஏதும் வைக்கப்படவில்லை. தொலைபேசியில் உதவி மையத்தை அழைப்பது ஒன்றே எஞ்சியது. அழைத்தோர் பலருக்கு, இத்தகைய குறை வேறு எவருக்கும் நேர்ந்ததில்லை என்னும் விடையே கிடைத்தது. ஒவ்வொருவரும் தாம் மட்டுமே தவறியவர் என நம்பும்படி ஆயிற்று.

இந்நிலையில் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்த மூவரின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. வேல்ஸ் பகுதியில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், கருவி காட்டிய தொகைக்குத் தாம் பொறுப்பல்ல என வெளிப்படையாக மறுத்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. கிளையில் இட்ட முதலீடு போயிற்று. பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன் உதவி மையத்தை 91 முறை அழைத்தார். 25,000 பவுண்டு அளவிலான குறைவு பற்றிய உரிமையியல் வழக்கில் வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிட்டு 2007-இல் தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 3,21,000 பவுண்டு செலுத்தப் பணிக்கப்பட்டு நொடித்துப்போனார். ஹாம்ப்ஷயர் பகுதியின் ஜோ ஹாமில்டன், உதவி மையம் கூறியபடி விசைகளை அழுத்துகையிலேயே 2,000 பவுண்டு குறைவு இருமடங்காவதைக் கண்டார். வேறு வழி அறியாமல் கணக்கு சரியாக உள்ளதென உறுதியளித்தார். திருட்டுக் குற்றச்சாட்டைத் தவிர்க்க, பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஹொரைசன்மீது குறை கூறலாகாது என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனையாக இருந்தது.

வெளிப்படையாக மறுத்தவர் பிழைப்பை இழந்தார். நீதிமன்றம் சென்றவர் உடைமையை இழந்தார். பணிந்து போனவர் நற்பெயரை இழந்தார். உண்மை உரைத்தலும் பொய் உரைத்தலும் ஒரே அழிவுக்கு இட்டுச்செல்லும் ஓர் அமைப்பில், பொய்யுரைத்தவரை மட்டும் தனியே பிரித்துக் குற்றம் சாட்டுதல் பொருந்துமா என்பது வினா. ஒரு செயலுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமாயின், வேறொன்றைச் செய்யும் உரிமை அவருக்கு இருந்திருக்க வேண்டும். 'ஆம்' என்னும் விசையை மட்டும் வைத்துவிட்டு, அதனை அழுத்தியவரைப் பொய்யர் என்பது அறத்தொடு பொருந்தாது. அப்பொய்யைக் கூறிய வாய் பொறுப்பாளருடையது. அதனை முன்கூட்டியே எழுதிவைத்தவர் அத்திரையை வடிவமைத்தோரும் அதனைத் திருத்த மறுத்தோரும் ஆவர்.

கருவி பிழைபடாது என்னும் அனுமானம்

திரையில் மறுக்க இடமில்லையாயினும் நீதிமன்றத்தில் இடம் இருந்திருக்க வேண்டும். அதுவும் குறுகியமைக்குச் சட்ட மாற்றம் ஒன்று காரணமாகும். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினி தரும் சான்றை முன்வைப்பவர் அக்கணினி முறையாக இயங்கியது என மெய்ப்பிக்க வேண்டும் என்றது. நடைமுறைக்கு அது கடினமானது எனக் கருதிய சட்ட ஆணையம் 1997-இல் அதனை நீக்கப் பரிந்துரைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரை கணினி முறையாக இயங்கியதாகவே கொள்ளப்படும் என்னும் அனுமானம் நிலைபெற்றது. ஹொரைசன் நாடெங்கும் பரவிய காலமும் இந்த அனுமானம் நடைமுறைக்கு வந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறியதன் விளைவு பெரிது. கருவி பிழைபட்டது என்பதைக் காட்ட வேண்டியவர் சிற்றூர்க் கடைக்காரர். அதனைக் காட்டத் தேவையான உள்பதிவுகளோ ஃபுஜிட்சுவின் வசம் இருந்தன. கிளைக் கணக்குகளைப் பொறுப்பாளர் அறியாமலே தொலைவிலிருந்து மாற்றும் வசதி அந்நிறுவனத்தின் பணியாளருக்கு இருந்தது. அவ்வாறு இயலாதென அஞ்சலக நிறுவனம் பல ஆண்டுகள் கூறிவந்தது. குற்றம் சாட்டியதும் புலனாய்ந்ததும் வழக்கு நடத்தியதும் இழப்பீடு பெற்றதும் ஒரே நிறுவனம். 2010-இல், இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா கருவுற்றிருந்த நிலையில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கணினியின் நம்பகத்தன்மையை எதிர்த்து வாதிட்டும் அவ்வாதம் ஏற்கப்படவில்லை.

சிலம்பும் சான்றும்

சான்றை ஆராயாது வழங்கிய தீர்ப்பின் கேட்டைத் தமிழில் விரிவாகப் பேசும் நூல் சிலப்பதிகாரம். அதன் கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும் கள்வன் யார் என்னும் வினாவோடு, கள்வன் என்னும் முடிவை ஒரு நிறுவனம் எவ்வாறு எட்டுகின்றது என்னும் வினாவையும் எழுப்புகின்றன.

கோவலன்மீது குற்றம் சாட்டிய பொற்கொல்லன் வெறும் சாட்சி அல்லன். அணிகலன் பற்றிய அறிவில் அரசனால் நம்பப்பட்ட வல்லுநன். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவனும் அவனே. தன் குற்றம் வெளிப்படாமல் இருக்க வேண்டிய தேவை உடையவனே வல்லுநர் சான்றும் அளிக்கின்றான். ஹொரைசன் வழக்குகளில் கருவியின் நம்பகத்தன்மைக்குச் சான்றளித்தவர் அக்கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளர். அவர் தாம் அறிந்த வழுக்களை நீதிமன்றத்தில் வெளிப்படுத்தவில்லை என்று 2013-இல் அஞ்சலக நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவரே அந்நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் அறிவுறுத்தினார். அந்த அறிவுரை தண்டனை பெற்றோருக்குத் தெரியவர ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பொற்கொல்லன் களவு செய்தான். பொறியாளர்மீது அத்தகைய குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் கருவியைச் செய்த தரப்பே கருவிக்குச் சான்றாவதில் உள்ள அறக்குறை இரண்டிடத்தும் ஒன்றே.

கொலைக்களக் காதையில் மற்றொரு நுட்பம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லை என ஐயுறுகின்றனர். அந்த ஐயத்தைப் பொற்கொல்லன் களவுநூல் கூறும் எண்வகைத் துணைகளை அடுக்கி உரைத்துப் போக்குகின்றான். எளிய மனிதரின் இயல்பான அறிவு, துறைச்சொற்களின் முன் தலைகுனிகின்றது. ஜோ ஹாமில்டனை அறிந்த சிற்றூர் மக்கள் அவர் திருடியிருக்க மாட்டார் என நம்பினர். அவருக்காகப் பணம் திரட்டினர். நீதிமன்றத்துக்கு உடன் சென்றனர். ஒருவரைப் பல்லாண்டு அறிந்த ஊராரின் சொல்லைவிடத் திரையில் தோன்றிய எண் மிகுந்த சான்றாகக் கொள்ளப்பட்டது.

வேறுபாடுகளே மிகுதியும் சிந்திக்கத்தக்கவை. கண்ணகியின் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது. அவளை வாயிற்காவலன் தடுத்து நிறுத்தாமல் அரசனுக்கு அறிவித்தான், அரசன் அவளை உள்ளே அழைத்தான், தன் அரசியின் சிலம்பில் இருப்பவை முத்து எனக் கூறினான், கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பை அவள்முன் வைத்தான், அவள் உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது. சான்றின் உள்ளே இருப்பது என்ன என்பதை இரு தரப்பும் ஒருங்கே காணும் வாய்ப்பு அந்த அவையில் இருந்தது. கிளைப் பொறுப்பாளரின் சிலம்போ குற்றம் சாட்டியோர் தரப்பின் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தது. உடைத்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. உள்ளே இருப்பது முத்தே என்னும் உறுதிமொழி மட்டும் தரப்பட்டது.

உண்மை வெளிப்பட்ட பின் நிகழ்ந்ததும் வேறு. பாண்டியன் தன் தவற்றை அவையிலேயே ஏற்று உயிர் துறந்தான். தீர்ப்பு தவறு எனக் கண்ட கணத்துக்கும் அதனை ஒப்புக்கொண்ட கணத்துக்கும் இடையே அவன் காலம் தாழ்த்தவில்லை. ஹொரைசன் வழக்கில் அவ்விடைவெளி ஆண்டுகளால் அளக்கப்படுகின்றது. 2009-இல் கணினி இதழ் ஒன்று எழுவரின் நிலையை வெளியிட்டது. அவ்வாண்டே பாதிக்கப்பட்டோர் ஆலன் பேட்ஸ் தலைமையில் ஒன்றுகூடினர். 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், மென்பொருளில் வழுக்கள் இருந்தமையையும் அவற்றால் கிளைக் கணக்குகள் பாதிக்கப்பட்டமையையும் உறுதிசெய்தார். நிறுவனம் தன் நிலைப்பாட்டில் நின்ற பிடிவாதத்தை, உலகம் தட்டையானது எனச் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. 2024 சனவரியில் தொலைக்காட்சித் தொடர் ஒன்று நாட்டு மக்களின் உணர்வைத் தூண்டிய பின்னர், அவ்வாண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி எஞ்சிய தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. விசாரணை ஆணையத் தலைவர் வின் வில்லியம்ஸ் 2025 சூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதற்பகுதி, இக்கேட்டின் விளைவாக 13 பேரேனும் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் எனக் குறிப்பிடுகின்றது. நீதி வந்தது, அவர்களிடம் வரவில்லை.

துலாக்கோலும் வழுவும்

கருவியின் அறத்தைத் தமிழ் மரபு அறியாததன்று. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம் சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலை எடுத்துக்கொள்கின்றது. அவ்வுவமையின் நுட்பம், கோல் முதலில் தான் ஒக்க நின்று, பின்னரே பிறபொருளை எடையிடுகின்றது என்பதில் உள்ளது. பிறரை அளக்கும் கருவி தன்னை முதலில் அளவுக்கு உட்படுத்த வேண்டும். தட்டுகள் வெறுமையாக இருக்கையில் முள் நடுவில் நிற்பதைச் சந்தையில் பொருள் வாங்குபவரும் தம் கண்ணால் காண்பார். இது வணிகர் காட்டும் சலுகை அன்று, வாங்குபவரின் உரிமை. கிளைப் பொறுப்பாளருக்கு வெறுந்தட்டு காட்டப்படவே இல்லை.

பிழையின்மையை எதிர்பார்ப்பதும் முறையாகாது. கணினித் துறையில் நேரும் பிழையைக் குறிக்கத் தமிழில் வழு என்னும் சொல் வழங்குகின்றது. அச்சொல் இலக்கணத்திலிருந்து வந்தது என்பது கருதத்தக்கது. வழுவே நேராது எனத் தமிழ் இலக்கணம் கொள்ளவில்லை. வழு எவ்வெவ்விடங்களில் நேரும் என வகுத்துக்கொண்டு, வழாநிலையைக் கூறி, காரணம் பற்றி ஏற்கத்தக்கதை வழுவமைதி என அமைத்தது. வழுவை எதிர்பார்த்தலே ஓர் ஒழுங்கமைப்பின் முதிர்ச்சியைக் காட்டுகின்றது. ஹொரைசனை உருவாக்கியோரும் அதில் வழு உண்டென உள்ளுக்குள் அறிந்திருந்தனர். அவற்றைப் பதிவு செய்தனர். சிலவற்றைத் திருத்தவும் செய்தனர். அந்த அறிவு திரைக்கு இப்பால் இருந்தவரை அடையவில்லை. வழுவை மறைத்ததே வழுவினும் பெருங்கேடாயிற்று.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

இங்கு எழக்கூடிய மாற்றுக் கருத்துகள் இரண்டு. முதலாவது, கருவியை நம்பாமல் எந்நிறுவனமும் இயங்க இயலாது. கருவி பிழைபட்டது என்னும் சொல்லை ஏற்றால் உண்மையில் பணத்தைக் கவர்ந்தவரும் அதையே கூறித் தப்புவர் என்பது. இக்கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் மறுப்பைக் கேட்பதும் மறுப்பை ஏற்பதும் வேறு வேறு. மறுப்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்கின்றது. முடிவை அது தீர்மானிப்பதில்லை. மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது, அதனை அடித்தவர் கூறுவதெல்லாம் உண்மை என்பதற்காக அன்று. அடித்தால் அரசன் எழுந்து வந்து ஆராய வேண்டும் என்பதற்காக. காசில்டன் அந்த மணியை 91 முறை அடித்தார். மணி ஒலித்தது; ஆராய்வார் இல்லை.

இரண்டாவது, இதில் தனியொருவரைக் குற்றவாளியாக்க இயலாது. நிரல் எழுதியவர், விற்றவர், வாங்கியவர், உதவி மையத்தில் பேசியவர், வழக்கறிஞர், நீதிபதி என ஒவ்வொருவரும் தத்தம் சிறு பணியையே செய்தனர் என்பது. பொறுப்பு பலரிடம் பகிரப்படும்போது குறைந்து மறைந்துபோவதாகத் தோன்றுகின்றது. ஆயின் இழப்பு அவ்வாறு பகிரப்படவில்லை. அது முழுமையாகக் கடைசியில் நின்ற ஒருவர்மீது இறங்கியது. பயன் பலருக்கும் பழி ஒருவருக்கும் ஆகும் ஓர் ஒப்பந்தத்தை நடுவுநிலை உடையதெனல் இயலாது. மேலும் மணியோசை கேட்ட ஒவ்வொருவரும், தம் பங்கு எத்துணைச் சிறிதாயினும், எழுந்து ஆராயும் கடமையை உடையவராகின்றனர். கேட்டும் எழாமையே அவரவர் பங்கிலுள்ள குற்றம்.

இந்தியச் சூழல்

இச்சிக்கல் பிரித்தானியாவோடு நிற்பதன்று. இங்கிலாந்து 69-ஆம் பிரிவைக் கைவிட்ட அதே 2000-ஆம் ஆண்டில், இந்தியா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியே 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 65ஆ பிரிவைச் சேர்த்தது. மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொள்ள, உரிய காலத்தில் கணினி முறையாக இயங்கியது முதலிய நிபந்தனைகளை அது விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அதனைத் தொடர்வதோடு, கருவியின் பொறுப்பில் இருப்பவருடன் வல்லுநர் ஒருவரும் சான்றளிக்க வேண்டும் என்கின்றது. இது போற்றத்தக்க காப்பு. எனினும் சான்றிதழ் வெறும் படிவமாக நிரப்பப்படுமாயின், பொற்கொல்லனின் உறுதிமொழிக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

நீதிமன்றம் வரை செல்லாத ஏழையரின் நிலை இன்னும் நுட்பமானது. நியாயவிலைக் கடைகளில் கைரேகை வழியே அடையாளம் உறுதிசெய்யும் முறையில் நேர்ந்த தோல்விகள் பற்றி 2016-17-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிடுகையில், ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்னும் மதிப்பீடுகளைச் சுட்டியது. கல்லும் மண்ணும் சுமந்து ரேகை தேய்ந்த கையைக் கருவி அறியவில்லை. அப்போது பிழை கருவியினுடையது எனக் கூறப்படுவதில்லை. ரேகை சரியில்லை, விரலைத் துடைத்து மீண்டும் வை என்றே கூறப்படுகின்றது. அரிசி பெறாது திரும்பும் முதியவர் தம் கையையே குறைகூறிக்கொள்கின்றார். உதவி மையத்தின் விடையைக் கேட்டுத் தம்மையே ஐயுற்ற கிளைப் பொறுப்பாளருக்கும் இவருக்கும் இடையே கடல்கள் பல உண்டு, நிலை ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. மென்பொருளில் வழு நேர்தல் இயல்பு. அதன்பொருட்டு மட்டும் அதனைப் படைத்தோரை அறமற்றோர் எனல் பொருந்தாது. வழுவை அறிந்தும் மறைத்தலும், பயனர் மறுத்துரைக்கும் இடத்தை அடைத்தலும், அடைத்த பின் அவர் கூறிய பொய்க்கு அவரையே தண்டித்தலும் அறக்கேடுகளாம். ஒருவரைக் குற்றவாளியாக்கத்தக்க கருவி எதுவாயினும், அதன் காட்சியை ஏற்கவில்லை எனப் பதிவு செய்யும் இடம் அதனுள்ளேயே இருத்தல் வேண்டும். அதன் உள்பதிவுகளைக் குற்றம் சாட்டப்பட்டவரும் திறந்து காண வழி வேண்டும். அதற்குச் சான்றளிப்பவர் அதனால் பயன்பெறுபவராக இருத்தல் ஆகாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு கருவியை உடையவரைச் சார வேண்டும். கருவியைத் திறக்க இயலாதவரைச் சாரலாகாது.

ஹொரைசன் வழக்கில் பாதிக்கப்பட்டோர் பெரிதும் வேண்டியது இழப்பீடு மட்டுமன்று. தாம் கள்வர் அல்லர் என ஊரறியச் சொல்லப்பட வேண்டும் என்பதே அவருள் பலரின் முதல் வேண்டுகோளாக இருந்தது. பாண்டியன் அவையில் கண்ணகி நிலைநாட்ட வந்ததும் அதுவே. அவளுக்கு ஒரு பகலில் கிடைத்த விடை, இவர்களுக்குக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.